சூடேறும் அரைமணி

உலகநாதன் வீட்டுக்கு வந்தது மனைவியின் ஆதார் அட்டையையும் மாற்றுப் புடவை ஒன்றையும் எடுத்துப்போக. இரண்டும் படுக்கையறை பீரோவில் இருந்தன. அவரோ செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடியறைக்கு ஏறி, மேஜைமேல் இருந்த ரேடியோ செட்டின் சுவிட்சைத் தட்டிவிட்டு நின்றார். டயலில் பச்சையும் நீலமும் கலந்த வெளிச்சம் வந்தது, இரண்டு மீட்டர்களின் முள்ளும் ஒருமுறை துள்ளி அடங்கியது, உள்ளே எங்கோ டக் என்றது. சட்டைப்பையிலிருந்த கைப்பேசியை எடுத்துக்கொண்டு மறுபடி கீழே இறங்கி, சமையலறையில் அரிசி டப்பாவின்மேல் வைத்துவிட்டு வந்தார். கைப்பேசி பக்கத்தில் இருந்தால் ஸ்பீக்கரில் கொரகொரவென்று இழுக்கும், அளவு பார்க்கிற நேரத்தில் அது ஆகாது; வாங்கிய நாளிலிருந்து அதை இந்த அறைக்குள் விட்டதில்லை. இன்றைக்கும் விடவில்லை. கால் போனது, கை வைத்தது, அவ்வளவுதான். சோதித்துப் பார்க்க நிலையம் மாதிரி அலை அனுப்புகிற சிக்னல் ஜெனரேட்டரையும் போட்டார். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு பத்து. எஃப்.எம். செட்டை அளந்து பார்க்க வேண்டுமென்றால் அரைமணி நேரமாவது அது சூடேற வேண்டும். குளிர்ந்த செட்டில் எடுத்த அளவு பொய். சூடு ஏற ஏற எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நகரும், நகர்ந்து ஓரிடத்தில் நிற்கும், நின்ற பிறகு பார்ப்பதுதான் கணக்கு. அதுவரை எதையும் தொடக் கூடாது. உலகநாதன் முக்காலியில் உட்கார்ந்து எதையும் தொடாமல் இருந்தார். இந்த இரண்டு நாளில் அவருக்குச் சுலபமாக வந்த வேலை இது ஒன்றுதான். மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியில் இரண்டாவது சோதனை. முதல் சோதனை காலை ஒன்பதுக்கே முடிந்துவிட்டது: மூளை வேலை செய்யவில்லை, மூச்சை மெஷின் விடுகிறது, இதயம் மட்டும் தன்போக்கில் அடித்துக்கொண்டிருக்கிறது. ஆறு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போதும் அப்படியே இருந்தால் வைஜயந்தி இறந்துவிட்டாள் என்று எழுதிவிடுவார்கள். அதன் பிறகு புருஷன் கையெழுத்துப் போட்டால் அவளுடைய சிறுநீரகமும் ஈரலும் இதயமும் முகம் தெரியாத யாருக்கோ போகும். மகள் சுபாஷிணி போடச் சொல்கிறாள். வைஜயந்தியின் தம்பி தனபால் போடக் கூடாது என்கிறான். இருவரும் ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்துகொண்டு உலகநாதன் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருக்கிறார்கள். அவர் ஆதார் அட்டை எடுக்கப் போயிருக்கிறார்.

செட் கிராப்பட்டி அருளானந்தம் சாருடையது. நாற்பத்தேழு வயசான ஜப்பான் செட், வெள்ளி முகப்பு, மரக்கூடு, பதினாலு கிலோ. அதை அருளானந்தம் சார் தூக்கிக்கொண்டு வந்தபோது இடது பக்கப் பாட்டும் வலது பக்கப் பாட்டும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்தன. யாரோ புண்ணியவான் உள்ளே இருந்த காயில்களை எல்லாம் இரும்புத் திருப்புளியால் திருகி விளையாடியிருந்தான். இரும்பு பக்கத்தில் போனாலே அளவு மாறிவிடும் என்று தெரியாத ஆசாமிகள் ஊரில் நிறைய இருக்கிறார்கள், எல்லோரும் கடைபோர்டு வைத்திருக்கிறார்கள். உலகநாதன் ஊட்டிக்குப் போனபோது வாங்கிய ஸ்வெட்டர் பின்னுகிற பிளாஸ்டிக் ஊசியை முனை தேய்த்து அதற்கென்று வைத்திருக்கிறார். பத்து நாள் உட்கார்ந்தார். காயிலுக்குள் மேலும் கீழும் திருகுகிற கோர் என்பது பயறு அளவுதான், ஒரு மயிரிழை ஏறினாலும் இறங்கினாலும் பாட்டில் பிசிறு தட்டும். ஒவ்வொன்றாகச் சரிசெய்து, அசையாமலிருக்கச் சொட்டு மெழுகு விட்டு, கடைசி அளவுகளைத் திங்கட்கிழமை நோட்டில் எழுதினார். செவ்வாய்க்கிழமை காலையில் கொண்டுபோய்க் கொடுக்கக் கிளம்பினார்கள், அவரும் வைஜயந்தியும், ஸ்கூட்டரில். ஆட்டோவில் போயிருக்கலாம். கால் வைக்கிற பலகையில் செட்டை வைக்க மாட்டார், இன்ஜின் நடுக்கம் அதற்கு ஆகாது. கேரியரில் கட்ட மாட்டார். செட் வைஜயந்தியின் மடியில்தான் போக வேண்டும். முப்பத்தாறு வருஷமாக அப்படித்தான். இரண்டு துண்டை நாலாக மடித்து மடியில் போட்டு, ஒருக்களித்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொள்வாள். யார் வீட்டு வாசலில் நின்றாலும் முதலில் செட் இறங்கும், பிறகு அவள் இறங்குவாள். "ஏங்க, உங்க வீட்ல உங்களுக்குப் பொண்ணு பாத்தாங்களா, இல்ல ரேடியோவுக்கு மெத்தை பாத்தாங்களா?" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். சிரித்துக்கொண்டு சொன்னதெல்லாம் சிரிப்புக்குச் சொன்னதுதானா என்று இப்போது யாரிடம் கேட்பது? ஆட்டோவில் போங்கப்பா என்று சுபா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஆட்டோ குலுக்கும் என்று இவர் சொன்னார். ஆட்டோ குலுக்கும், உண்மைதான். ஆட்டோவில் போயிருக்கலாம்.

இரண்டு இருபது. மீட்டர் முள் ஒரு நூலளவு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. முழுக்கச் சூடேறவில்லை, இன்னும் நகரும். வாயில் காலையில் குடித்த காப்பியின் கசப்பு அப்படியே ஒட்டியிருந்தது. பசிக்கிறதா என்று யோசித்துப் பார்த்தார், வயிறு வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. ஸ்கூட்டர் இருபதுக்கு மேல் போகவில்லை. இதை எல்லோரிடமும் சொல்லிவிட்டார், டாக்டரிடம், போலீஸில், தனபாலிடம், பக்கத்து வீட்டுக்காரரிடம். இருபதுக்கு மேல் போகவில்லை, புதிதாகப் போட்ட வேகத்தடை, வெள்ளைக் கோடு அடிக்கவில்லை, தார் நிறத்திலேயே கிடந்தது, கிட்டே போய்த்தான் தெரிந்தது. அத்தனையும் சத்தியம். சொல்லாதது ஒன்றே ஒன்று. வேகத்தடை கண்ணில் பட்டதற்கும் சக்கரம் அதில் ஏறியதற்கும் நடுவே ஒரு சொல் சொல்ல நேரம் இருந்தது. அந்த நேரத்தில் மனுஷன் என்ன சொல்வான்? என்னைப் பிடிச்சுக்க என்பான். பாத்து உக்காரு என்பான். வைஜி என்று பேரைச் சொல்லியாவது கத்துவான். உலகநாதன் திரும்பிப் பார்க்காமல், "செட்டு, செட்டு!" என்று கத்தினார். அவளும் செட்டைப் பிடித்துக்கொண்டாள். ஸ்கூட்டர் ஏறி இறங்கியதும் வண்டி திடீரென்று லேசாகிவிட்டது. அந்த லேசு இன்னும் அவர் முதுகில் இருக்கிறது, முக்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் இருக்கிறது. பத்தடி தள்ளிப் போய்த்தான் வண்டி நின்றது. திரும்பிப் பார்த்தால் அவள் மல்லாந்து கிடந்தாள், செட் அவள் வயிற்றின்மேல் நேராக உட்கார்ந்திருந்தது, இரண்டு கையும் அதைச் சுற்றியிருந்தன. ரத்தம்கூடத் தெரியவில்லை. ஏதோ விளையாட்டுக்குப் படுத்திருக்கிறாள் என்று ஒரு கணம் எரிச்சல்கூட வந்தது. அந்த எரிச்சலை நினைத்தால் இப்போது குமட்ட வேண்டும், குமட்டவில்லை. எதுவும் வரவில்லை. அழுகை வருமா என்று இரண்டு நாளாக உள்ளே எட்டி எட்டிப் பார்க்கிறார், பூட்டிய வீட்டில் ஆள் இருக்கிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல. ஆள் இல்லை.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்த ரைட்டர் நல்ல மனுஷர், ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சிலேயே உட்கார்ந்து எழுதினார். "பின்னாடி உக்காந்தவங்க கையில என்ன சார் இருந்துச்சு?" என்று கேட்டார். "பை" என்றார் உலகநாதன். "பைன்னா?" "பைதான் சார்." அவரும் பை என்று எழுதிக்கொண்டார். பக்கத்தில் சுபாஷிணி நின்றுகொண்டிருந்தாள், கையில் அம்மாவின் கண்ணாடி. அவள் ரைட்டரின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். செட்டை அதற்குள் யாரோ ஆட்டோக்காரர் வீட்டில் கொண்டுவந்து சேர்த்திருந்தார், பக்கத்து வீட்டுக்காரர் மாடிக்குத் தூக்கிவந்து மேஜையில் வைத்துவிட்டு, "சார், பொருளுக்கு ஒண்ணும் ஆகல, கவலைப்படாதீங்க" என்று போன் செய்து ஆறுதல் சொன்னார். ஒண்ணும் ஆகல. அது நிஜமா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறோமோ? இரண்டு முப்பது. முள் கொஞ்சம் நகர்ந்திருந்தது. காலையில் டாக்டர் முதல் சோதனையைப் பற்றிச் சொன்னபோது உலகநாதன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உடம்பு சூடு சரியா இருந்துச்சா சார்? குளுந்து இருந்தா தப்பாக் காட்டுமே." தனபால் அவரை விநோதமாகப் பார்த்தான். டாக்டர் மட்டும் நின்று நிதானமாகப் பதில் சொன்னார். "கரெக்டான கேள்வி சார். உடம்பு குளிர்ந்திருந்தா டெஸ்ட்டே பண்ணக் கூடாது. முதல்ல அதைப் பாத்துட்டுத்தான் ஆரம்பிச்சோம்." கரெக்டான கேள்வி. அதைக் கேட்டதில் அவருக்கு ஒரு சின்னப் பெருமைகூட வந்ததை நினைத்துக்கொண்டார், பெண்டாட்டி சாகக் கிடக்கிற இடத்தில் நல்ல மார்க் வாங்கிய பெருமை. மெஷினைக் கழற்றிவிட்டு எட்டு நிமிஷம் அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நிற்பார்களாம், தானாக ஒரு மூச்சாவது வருகிறதா என்று. முதல் அளவை நம்பாதே, ஊறவிட்டு இரண்டாம் தடவை பார் என்பது அவருடைய தொழிலிலும் உள்ளதுதான். எத்தனை செட் இரண்டாம் தடவையில் சரியாக வந்திருக்கிறது. காலையிலிருந்து அந்த நினைப்பைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார், வெளியே சொன்னால் சுபா கோபிப்பாள் என்று நாக்குக்கடியில் வைத்திருந்தார்.

ஆனால் முள் இருக்கிறதே, அது பொல்லாதது. நிலையம் சரியாகப் பிடிபட்டால் முள் நடுவில் நிற்கும். கொஞ்சம் தவறினால் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயும். நிலையமே இல்லாவிட்டாலும் நடுவில்தான் நிற்கும். கல்யாணமான புதிதில், உறையூரில் ஒற்றை அறையில் குடியிருந்தபோது, ஒரு மத்தியானம் முழுக்க ஒரு செட்டோடு மல்லுக்கட்டினார். எந்தக் கோரைத் திருகினாலும் முள் நடுவை விட்டு அசையவில்லை. "பாரு, மலை மாதிரி நிக்குது, நம்ம கை அப்படி" என்று புதுப் பெண்டாட்டியிடம் பீற்றிக்கொண்டார். வைஜயந்தி தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள், மேஜைக்கடியிலிருந்து ஒரு ஒயரை இழுத்துத் தூக்கிக் காட்டினாள். "இது எங்கயாவது மாட்டணுமாங்க?" ஜெனரேட்டரிலிருந்து வர வேண்டிய ஒயர். கழன்று விழுந்து எத்தனை மணி நேரமாயிற்றோ. வராத சிக்னலுக்கு அவர் ஒரு பொழுது முழுக்க அளவு வைத்திருக்கிறார். அப்புறம் அவள் அண்டை அயல் எல்லோரிடமும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், அவரும் ஒரு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று பேர். இப்போது ஐ.சி.யூ.வில் அவள் தலைமாட்டில் இருக்கிற திரையில் எண்கள் நிற்கின்றன. நெஞ்சு ஏறி இறங்குகிறது. இன்றைக்குக் காலை, முதல் சோதனைக்குப் பிறகும் நர்ஸ், "எல்லாம் ஸ்டேபிளா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். தனபாலுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டீங்களா மச்சான்? அக்கா மூச்சு விட்டுக்கிட்டுத்தானே இருக்கு. எப்படிக் கையெழுத்துப் போடுவீங்க?" என்றான். உலகநாதனுக்கு அந்தத் திரையில் எது அசையாமல் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று அந்த நொடியே தெரிந்தது. தெரிந்ததை அவர் தெரியாதது மாதிரி வைத்துக்கொண்டார். உயிரோடிருந்தவரை அவள் ஒரு நிமிஷம் அசையாமல் இருந்து அவர் பார்த்ததில்லை.

மூன்றே கால் ஆகியிருந்தது. அரைமணி எப்போதோ தாண்டிவிட்டது. மூன்று மணிக்குச் சோதனை என்பது ஞாபகத்தில் இருந்தது, எழுந்து போகத்தான் கால் வரவில்லை. மரக்கூட்டின் நாலு ஸ்க்ரூவையும் கழற்றினார். மூலையில் கொஞ்சம் பூச்சு உரிந்திருந்தது, அவ்வளவுதான் காயம். கூட்டைத் தூக்கி வைத்துவிட்டு நோட்டைப் புரட்டித் திங்கட்கிழமை எழுதியதை எடுத்தார். ஜெனரேட்டர் ஒயரை மாட்டினார், மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். சிக்னல் மீட்டர் ஏறி நின்றது, நடுமுள் நடுவில் நின்றது. இடது பக்கத்துக்கு மட்டும் ஒலியை அனுப்பி வலது பக்கத்தில் எவ்வளவு கசிகிறது என்று பார்த்தார். திங்கட்கிழமை நாற்பத்திரண்டு டெசிபல் என்று எழுதியிருந்தது. இன்றைக்கும் நாற்பத்திரண்டு. பக்கம் மாற்றிப் பார்த்தார். நாற்பத்திரண்டு. ஒவ்வொரு காயிலாக அளந்தார். ஒரு மெழுகுச் சொட்டில்கூட விரிசல் இல்லை. அவர் முப்பத்தாறு வருஷத்தில் கொண்டுபோய்க் கொடுத்த எந்தச் செட்டும் இவ்வளவு பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததில்லை. கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டிருக்கிறார். அது இப்போதுதான் அவருக்கே தெரிந்தது. கெட்டுப்போயிருந்தால் வேகத்தடை எல்லோரையும்தான் அடித்தது, செட்டையும் அடித்தது, அவளையும் அடித்தது என்று ஆகியிருக்கும். அடி செட்டுக்கு வரவேயில்லை. வர வேண்டிய அத்தனையையும் அவள் வாங்கிக்கொண்டாள், அவர் சொன்னாரே என்று. தேய்த்த பிளாஸ்டிக் ஊசியை எடுத்து முதல் காயிலின் மெழுகில் வைத்தார். ஒரு அரைச் சுற்று போதும், பத்து நாள் வேலை பாழாகும். கையை அழுத்தினார். திரும்பவில்லை. கோர் இறுகியிருக்கவில்லை, கைதான் திரும்பவில்லை. செட்டைக் கெடுக்கத் தெரியாத கை. பெண்டாட்டி விழுந்து கிடக்கும்போதும் செட் நேராக இருக்கிறதா என்று முதலில் பார்த்த கண்ணும் அந்தக் கைக்குச் சொந்தக்காரனுடையதுதான். உலகநாதன் தன்மேலேயே ஒரு அருவருப்போடு ஊசியைக் கீழே வைத்தார். கீழே சமையலறையில் கைப்பேசி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. வெகுநேரமாகவே அடித்திருக்க வேண்டும்.

"அப்பா, எங்க இருக்கீங்க? பத்து தடவை அடிச்சிட்டேன்."

"வீட்லதாம்மா."

"ரெண்டாவது டெஸ்ட்டும் முடிஞ்சிருச்சுப்பா." என்றாள் சுபாஷிணி. "அதேதான்."

"உடம்பு சூடு..."

"சரியா இருந்துச்சு. நீங்க கேப்பீங்கன்னு நானே கேட்டுட்டேன்."

உலகநாதன் அரிசி டப்பாவின்மேல் கையை ஊன்றிக்கொண்டார். சொல்லாமல் இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. பை என்று எழுதியாயிற்று, யாரும் கேட்கப்போவதில்லை.

"சுபா, அம்மா கையில பை இல்லம்மா. செட்டு இருந்துச்சு. நான்தான் செட்டு செட்டுன்னு கத்தினேன். என்னைப் பிடிச்சுக்கன்னு சொல்லல."

அந்தப் பக்கம் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

"தெரியும்ப்பா."

"யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. முதல் நாளே பாத்தேன். விழறவங்க யாரா இருந்தாலும் கையை ஊணுவாங்கல்ல? அம்மா உள்ளங்கையில ஒரு சிராய்ப்புகூட இல்ல."

அவர் கைப்பேசியை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"எனக்கு உங்க மேல கோபம் இருக்குப்பா. நிறைய இருக்கு. அதை அப்புறமா வச்சுக்கறேன். இப்ப நீங்க வாங்க. வேணும்னா மகளே போடலாம்னு சொன்னாங்க. நான் போட மாட்டேன். மாமாகிட்ட முதல்ல இதைச் சொல்லுங்க, சொல்லிட்டு நீங்க போடுங்க."

"தனபால் என்னை விடமாட்டான்மா."

"விடவேணாம். சொல்லுங்க."

ஆதார் அட்டையை எடுத்தார், கைக்கு வந்த புடவையை எடுத்தார். தெருமுனையில் ஆட்டோ கிடைத்தது. வழியெல்லாம், தனபாலிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார், எல்லா வார்த்தையும் இருபதுக்கு மேல் போகவில்லை என்றே ஆரம்பித்தது. ஐ.சி.யூ. வாசலில் சுபாஷிணி சுவரில் சாய்ந்து நின்றாள், பக்கத்தில் ஆஸ்பத்திரிப் பெண் ஒருத்தி கையெழுத்துத் தாள்களோடு காத்திருந்தாள். தனபால் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தான், அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. உலகநாதனைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து, தோளில் கிடந்த துண்டால் நாற்காலியைத் துடைத்துவிட்டான்.

"வாங்க மச்சான், உக்காருங்க. எதாச்சும் சாப்பிட்டீங்களா?"

உலகநாதனுக்கு அப்போதுதான் கண் கலங்கியது. நாற்காலியில் உட்காராமல், நின்றபடியே தனபாலிடம் சொல்ல ஆரம்பித்தார்.